பூச்சியம் காட்டிய குளோரின்

கல்குடா வீட்டில் இறங்கிக் குளிக்கும் வெந்நீர்த் தொட்டி நாலு நாள் என்னை அலைக்கழித்தது. எவ்வளவு குளோரின் போட்டாலும் சோதனையில் பூச்சியம். பவுடர் பழசோ என்று புதுசு வாங்கினேன். கிணற்று நீரில் பிழையோ என்று பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு இன்னும் போட்டேன். ம்ஹூம். ஆனால் இறங்கினால் கண் எரிந்தது.

அப்புறம்தான் கவனித்தேன்: டி.பி.டி. மாத்திரை (குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் சோதனை மாத்திரை) கரையும்போது ஒரு நொடி இளஞ்சிவப்பு தெரிந்து மறைகிறது! குளோரின் அளவுக்கு மீறினால் அந்த நிறத்தையே வெளுத்துவிடும். ஒரு பங்கு தொட்டி நீரோடு ஒன்பது பங்கு போத்தல் தண்ணீர் கலந்து பார்த்தேன், 2 காட்டியது. அதாவது தொட்டியில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு). குறைந்தது 3 இருந்தாலே போதும். மூடியைத் திறந்து வெயிலில் விட்டேன். இரண்டாம் நாள் பின்னேரம் 4.