விரிசல் விட்ட ஃபைபர் பம்பரை நாமே ஒட்டுவது எப்படி?

ரிவர்ஸ் எடுக்கும்போது வாசல் திண்ணையில் லேசாக இடித்தாலே போதும், ஃபைபர் பம்பர் விரிசல் விட்டுவிடும். வெளியே பட்டி பூசி மறைத்தால் அடுத்த குலுக்கலில் அதே கோட்டில் மறுபடி பிளக்கும். பலம் உள்பக்கம் போடும் 'மேட்' என்ற கண்ணாடி நார் விரிப்பில்தான் இருக்கிறது.

முதலில் பம்பரைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். 'பிபி' (PP) என்ற எழுத்து அச்சாகியிருந்தால் அது பிளாஸ்டிக். ஃபைபரை ஒட்டும் ரெசின் என்ற பிசின் அதில் நிற்காது, பிளாஸ்டிக் வெல்டிங்தான் வழி. ஃபைபர் என்றால் உடைந்த ஓரத்தில் வெள்ளை நார் தெரியும். போல்ட் மாட்டும் இடங்களே பிய்ந்து தொலைந்திருந்தால் புதிது வாங்குவதே நல்லது.

வாங்க வேண்டியவை: பாலியஸ்டர் ரெசின் அரை கிலோ, அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட், அசிட்டோன், பிரஷ். ரெசினைக் கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கலந்ததாகவே கேளுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். கோபால்டும் கேட்டலிஸ்டும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை, மாஸ்க், முழுக்கைச் சட்டை எதையும் விடாதீர்கள்.

விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், அதற்கு மேல் ஓடாது. உள்பக்கம் விரிசலைச் சுற்றி இரண்டு அங்குல அகலத்துக்கு 80 நம்பர் உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். முன்பக்கம் விரிசலைச் சேர்த்துப் பிடித்து டேப் ஒட்டுங்கள்.

மேட்டைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். பிசிறான ஓரம்தான் பம்பரோடு படிந்து உட்காரும். சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று துண்டுகள் போதும்.

இனி கலவை. 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் கேட்டலிஸ்ட். ஆனால் நம் வேலூர் வெயிலை மறக்காதீர்கள். ஒரு கத்திரி மதியத்தில் காட்பாடியில் நான் 2 கிராம் கணக்கிலேயே கலந்தேன். முதல் துண்டு நனைவதற்குள் கப்பில் இருந்தது கொதித்துப் புகைந்து கட்டியாகிவிட்டது. அன்றிலிருந்து கோடையில் காலை ஏழு மணிக்கு, நிழலில், 1 கிராம்தான். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலப்பதில்லை. மழை நாளிலும் இந்த வேலை வேண்டாம்.

தேய்த்த இடத்தில் ரெசின் தடவி, சின்னத் துண்டை வைத்து, பிரஷ் நுனியால் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளை நிறம் மறைந்து கண்ணாடி மாதிரி ஆக வேண்டும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது என்று பொருள். அதை விட்டால் பின்னால் அங்கேதான் பெயரும். அப்புறம் மற்ற இரண்டு துண்டுகள்.

ஒரு இரவு விடுங்கள். மறுநாள் மேலே பிசுபிசுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், காற்றுப்பட்ட பக்கம் அப்படித்தான் இருக்கும். அசிட்டோனால் துடைத்துவிடலாம்.

முன்பக்கம் டேப்பை எடுத்து, விரிசல் கோட்டை 'வி' வடிவில் சுரண்டி, பட்டி மெல்லிசாகப் போடுங்கள். 120, 220, 400 நம்பர் என வரிசையாகத் தேய்த்து, பிரைமர், பிறகு பெயின்ட். நார்த்தூள் அரித்தால் சொறியாமல் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள்.

திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு போல்ட்டுக்கும் அகலமான வாஷர் போட்டு, எல்லாவற்றையும் கையால் ஏற்றிய பிறகே ஸ்பேனரை எடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் ஒட்டிய இடம் இழுபடும்.