விறகடுப்பில் புகையில்லாமல் தீ மூட்ட

விறகடுப்பு புகைந்தால் பெரும்பாலும் குற்றம் ஈர விறகின் மேல்தான். பச்சை மரத்தைப் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி 6 மாதமாவது காயவிட வேண்டும். காய்ந்த கட்டைகள் இரண்டை மோதினால் கணீரென்று ஒலிக்கும். மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. சவுக்கு, கருவேலம் நின்று எரியும். பெயின்ட் அடித்த பலகையும் பிளைவுட்டும் கூடவே கூடாது, புகை நஞ்சு.

முதலில் பழைய சாம்பலை வாருங்கள். அடியில் ஒரு விரல் கனம் இருக்கலாம், சூட்டைப் பிடித்து வைக்கும். அதன்மேல் பன்னாடை அல்லது தேங்காய் நார், பிறகு விரல் பருமன் சுள்ளிகள் குறுக்கும் நெடுக்குமாக. சுள்ளி நன்றாகப் பற்றிய பிறகே மணிக்கட்டுப் பருமனில் இரண்டு மூன்று விறகுகள். அடுப்பு வாயை அடைத்துவிடாதீர்கள். கட்டைகளுக்கு அடியில் காற்று புகாவிட்டால் ஊதாங்குழலால் எவ்வளவு ஊதினாலும் கண்தான் எரியும். எரிய எரிய விறகை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தால் போதும்.

கனல் மேல் மண்ணெண்ணெய் ஊற்றவே ஊற்றாதீர்கள். ஆவி குப்பென்று பிடித்து, கையிலுள்ள பாட்டில் வரை தீ ஏறும். ஊதக் குனியும்போது முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள்.

சமையல் முடிந்ததும் கட்டைகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணையுங்கள். சூடான மண் அடுப்பின் மேலேயே ஊற்றினால் விரிசல் விடும். குளிருக்காகக் கங்குகளைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரைகூடக் கனன்றுகொண்டிருக்கும். பிளாஸ்டிக் கூடையில் கொட்டாதீர்கள்.