உப்புக்காற்றால் வரும் துருவை வானிலை சிமுலேஷனில் கணிப்பது எப்படி?

கடலோரத்தில் இரும்புக் கூரை போடுபவர்கள் "கரையிலிருந்து எத்தனை மீட்டர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு பெயின்ட் வாங்கிவிடுகிறார்கள். அது போதாது. எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது, நடுவில் மழை பெய்து கழுவுகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் துருவின் கணக்கு பிடிபடும். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற ஊரை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே இரு பக்கமும் கடல்.

முதலில் காற்று. உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பழைய வானிலையைச் சொல்லும், இலவசமாகக் கிடைக்கும் ஈ.ஆர்.ஏ.5 (ERA5) தரவை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். அதன் ஒரு கட்டமே சுமார் 31 கிலோமீட்டர், மண்டபத்தின் ஒல்லியான நிலம் அதற்குள் காணாமலே போய்விடும். அதனால் டபிள்யூ.ஆர்.எஃப். (WRF) என்ற வானிலை சிமுலேஷன் மாடலில் கட்டத்தின் அளவை 27, 9, 3, 1 கிலோமீட்டர் என்று படிப்படியாக இறக்குங்கள். ஓடி முடிந்ததும் பக்கத்து வானிலை நிலையத்தின் அளவீட்டோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். கடல் நுரையிலிருந்து கிளம்பும் உப்பு, காற்று வேகத்தின் 3.41 அடுக்குக்கு ஏறுகிறது என்பதுதான் பரவலாகப் பயன்படும் சூத்திரம். வேகம் இரண்டு மடங்கானால் உப்பு பத்து மடங்கைத் தாண்டும், வேகத்தில் 10 சதவீதம் பிசகினாலே உப்புக் கணக்கு கிட்டத்தட்ட 40 சதவீதம் பிசகும்.

அப்புறம், பலரும் கோட்டைவிடும் இடம்: இந்தச் சூத்திரம் நடுக்கடல் நுரைக்கானது. கரையில் அலை உடைந்து தெறிக்கும் பெரிய துளிகள் இதில் வராது, அவையோ சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்து இரும்பைத் தின்கின்றன. அதை மாடல் தராது, அளந்துதான் சேர்க்க வேண்டும்.

துருவுக்கு ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரநிலையில் ஒரு சமன்பாடு இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம், ஈரப்பதம், கந்தக டை ஆக்சைடு, படியும் குளோரைடு (உப்பின் அளவைக் காட்டுவது) ஆகியவற்றைக் கொடுத்தால் ஆண்டுக்கு எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உலோகம் அரித்துப் போகும் என்று சொல்லும். சாதாரண எஃகில் 80 முதல் 200 வரை என்றால் சி5, அதாவது அரிப்பு மிக அதிகமான வகை. குளோரைடுக்கு அடுக்கு 0.62 என்பதால் முன்னே வந்த 40 சதவீதப் பிசகு இங்கே சுமார் 20 ஆகச் சுருங்கும்.

ஆனால் கூரையின் அடிப்பக்கத்தைத் தனியாகக் கவனியுங்கள். மண்டபத்தில் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மழை குறைவு, உப்பு சேர்ந்துகொண்டே போகும். அக்டோபரில் மழை வந்தாலும் மேற்பக்கம்தான் கழுவப்படும். சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில்தான் கரையத் தொடங்கும் என்றாலும், கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு 35 சதவீதத்துக்குக் கீழேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் கழுவப்படாத அடிப்பக்கம் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

சரி, படியும் உப்பை அளப்பது எப்படி? தண்ணீரும் கிளிசரினும் கலந்த குடுவையில் முனை நனையும்படி துணித்திரி சுற்றிய குழாயை நிறுத்தி, மழை படாமல் மேலே தகடு வையுங்கள். வடகரையில் ஒன்று, தென்கரையில் ஒன்று, உள்ளே தள்ளி ஒன்று. மாதாமாதம் திரியை மாற்றிக் குளோரைடை அளந்து, மாடல் சொன்னதோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் தனித் திருத்தம் போடுங்கள். ஒரு வருடமாவது ஓடட்டும், இல்லாவிட்டால் வாடைக்காற்றுக் காலம் கணக்கில் விடுபட்டுவிடும்.