வசனம் புரியும் ஹோம் தியேட்டர்: ஒரு வீட்டுக் கூடத்தில் 5.1 அமைக்கும் முறை

வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களிடம் அதிகம் கேட்கும் குறை ஒன்று உண்டு. வசனம் புரியவில்லை என்று ஒலியைக் கூட்டினால், அடுத்த நிமிடம் வரும் சண்டைக் காட்சியில் ஜன்னல் கதவுகள் அதிர்கின்றன. குறைத்தால் மறுபடியும் வசனம் போய்விடுகிறது. இதற்குத் தீர்வாக இன்னும் விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயரைத் தேடிச் செல்பவர்கள் பலர். ஆனால் இந்தக் குறையின் வேர் பெரும்பாலும் கருவியில் இல்லை. அறையிலும், ஸ்பீக்கர்கள் நிற்கும் இடத்திலும், ஒலித்தடத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவரின் அமைப்புகளிலும்தான் இருக்கிறது. வசனம் தெளிவாகக் கேட்கும்படி ஓர் அமைப்பைச் சரிசெய்துவிட்டால் இசையும் வெடிச் சத்தமும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும் என்பதால், இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் அந்த ஒரே அளவுகோலை வைத்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, 12 அடி அகலமும் 16 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட கூடம், அதன் 12 அடிச் சுவரில் 65 அங்குலத் தொலைக்காட்சி, 5.1 ஸ்பீக்கர்கள் (முன்னால் மூன்று, பக்கங்களில் இரண்டு சரவுண்ட், தாழ்ந்த சுருதிகளுக்கு ஒரு சப்வூஃபர்) என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் சோபா, பிறகுதான் ஸ்பீக்கர்

நம் வீடுகளில் சோபா பின்சுவரோடு ஒட்டியே கிடக்கும். ஒலிக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடையாது. சுவரை ஒட்டிய இடத்தில் தாழ்ந்த சுருதிகள் குவிந்து பெருகுவதால் வசனத்தின் மேல் ஒரு முழக்கம் கவிந்துகொள்ளும். அத்துடன் பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேர் ஒலியோடு கலந்து அதைக் கலங்கடிக்கும். அறையின் நடுமையமும் சரியான இடமல்ல. 16 அடி நீளத்துக்கு உரிய முதல் ஒத்ததிர்வு (அறையே சேர்ந்து அதிரும் சுருதி) ஏறத்தாழ 35 ஹெர்ட்ஸில் அமைகிறது. நடுவில் அமர்பவருக்கு அந்தச் சுருதி ஏறக்குறையக் காணாமலே போய்விடும். எனவே முன்சுவரிலிருந்து சுமார் 10 அடி தள்ளிக் காது இருக்குமாறு சோபாவை இழுத்துப் போடுவது நல்லது. அந்தத் தொலைவில் 65 அங்குலத் திரை கண்ணுக்கு ஏறத்தாழ 27 டிகிரி அகலத்தில் தெரியும். திரைத்துறைப் பொறியாளர்கள் பரிந்துரைக்கும் 30 டிகிரிக்கு இது நெருக்கம். சோபாவுக்குப் பின்னால் மீதமாகும் 6 அடி வீணான இடமாகத் தோன்றலாம். அங்கே ஒரு புத்தக அலமாரியை வைத்துவிட்டால் வீட்டாரின் எதிர்ப்பும் அடங்கும், பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சிதறிப் போகும்.

அறையின் எதிரொலி

1895-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கட்டப்பட்ட புதிய விரிவுரை அரங்கு ஒன்றில் பேராசிரியர்கள் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. காரணத்தைக் கண்டறியப் பணிக்கப்பட்ட வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியலாளர், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, மெத்தை கூடக்கூட ஒலி எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்த வாய்ப்பாடுதான் இன்றும் அறை ஒலியியலின் அடிப்படை. அதை நம் கூடத்துக்குப் பொருத்திப் பார்த்தால் நிலைமை விளங்கும். விட்ரிஃபைட் டைல்ஸ் தரை, பூச்சுப் பூசிய செங்கற்சுவர், கான்கிரீட் கூரை ஆகிய மூன்றும் தம்மேல் படும் ஒலியில் சில விழுக்காட்டை மட்டுமே உறிஞ்சுகின்றன. பொருள் எதுவும் இல்லாத வெற்று அறையாக இருந்தால், எழுந்த ஒலி அடங்க மூன்று விநாடிக்கு மேல் ஆகும். ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த ஏழெட்டுச் சொற்கள் வந்து அதன்மேல் விழுந்தால் வசனம் எப்படிப் புரியும்? நமக்கு வேண்டியது அரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. கணக்குப்படி, முழுமையாக உறிஞ்சும் பரப்பாகப் பதினைந்து சதுர மீட்டர் அளவைச் சேர்த்தால் அந்த நிலையை எட்டலாம்.

துணி உறையிட்ட பெரிய சோபா, தரையிலிருந்து கூரை வரை மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரைச்சீலை, சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே ஒரு தடித்த கம்பளம் ஆகியவை இதில் பெரும் பங்கை ஈடுசெய்யும். பவானி ஜமக்காளம் அழகுதான். ஆனால் மெல்லியது, கீச்சென்ற உயர் சுருதிகளை மட்டுமே அடக்கும். ஆகவே அதன் அடியில் ஒரு தடித்த விரிப்பையும் போட வேண்டும். மீதியை, இரண்டு அங்குலத் தடிமனுள்ள ராக்வுல் (கல்லிழைக் கம்பளி) பலகைகளை மரச்சட்டத்தில் பொருத்தி, காற்றுப் புகும் காடாத் துணியால் மூடிச் சுவரில் மாட்டி நிரப்பலாம். இவற்றை முதலில் மாட்ட வேண்டிய இடம் முன் ஸ்பீக்கர்களின் ஒலி பக்கச்சுவரில் பட்டுத் திரும்பும் புள்ளியாகும். ஒருவர் சோபாவில் அமர்ந்திருக்க, மற்றொருவர் கண்ணாடி ஒன்றைப் பக்கச்சுவரை ஒட்டி நகர்த்தினால், கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடமே அந்தப் புள்ளி. முட்டை அட்டைகளையும் தெர்மோகோலையும் ஒட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. தெர்மோகோலின் நுண்ணறைகள் மூடியவை என்பதால் ஒலி உள்ளே நுழையவே வழியில்லை. முட்டை அட்டையோ மெல்லியது, மேல் சுருதிகளில் சிறிதளவு மாற்றம் செய்வதைத் தவிர வேறெதற்கும் உதவாது, பல்லிக்கும் பூச்சிக்கும் மட்டும் நல்ல புகலிடம்.

சென்டர் ஸ்பீக்கர்

5.1 ஒலித்தடத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கர் ஒன்றின் வழியாகவே வருகிறது. அப்படியிருக்க, பலரும் அந்த ஒரு பெட்டியைத்தான் டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் பின்னால் தள்ளிச் செருகி வைக்கிறார்கள். தட்டின் உட்சுவர்களில் மோதி வரும் குரல், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் ஒலிக்கும். சென்டர் ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்புக்குச் சற்று வெளியே நீட்டி நிற்க வேண்டும். அது முழங்கால் உயரத்தில் இருந்தால், முன்பக்கத்தின் கீழே இரண்டு ரப்பர் கட்டைகளை வைத்து, முகம் அமர்ந்திருப்பவரின் காதை நோக்கும்படி சாய்க்க வேண்டும். காசு செலவில்லாத இந்தச் சாய்வு தரும் தெளிவு, புதிய ஸ்பீக்கர் வாங்கினாலும் சில வேளைகளில் கிடைப்பதில்லை.

இடது, வலது ஸ்பீக்கர்கள் இருக்கையிலிருந்து பார்க்கும்போது நடுக்கோட்டுக்கு இருபுறமும் 22 முதல் 30 டிகிரிக்குள் அமைய வேண்டும் என்பது டால்பி நிறுவனத்தின் வழிகாட்டல். நம் கூடத்தில் அவற்றை முன்சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒன்றுக்கொன்று 8 அடி இடைவெளியில் வைத்தால் 25 டிகிரி கிடைக்கிறது. பக்கச்சுவரிலிருந்தும் இரண்டு அடி விலகல் மிஞ்சுகிறது. மூன்று முன் ஸ்பீக்கர்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே தயாரிப்பு வரிசையைச் சேர்ந்தவையாக இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நடந்து செல்பவரின் குரல் வழியிலேயே வேறொருவர் குரலாக மாறும். சரவுண்ட் ஸ்பீக்கர்களைப் பக்கச்சுவர்களில், காதுக்கு இரண்டடி பின்னால், காது மட்டத்துக்கு ஓரிரு அடி மேலே மாட்டினால் 110 டிகிரிக்கு அண்மையில் வரும். கூடத்தின் ஒரு பக்கம் சாப்பாட்டு அறையை நோக்கித் திறந்திருந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு ஸ்டாண்ட் வாங்குங்கள். ஈடுகட்டுவதற்காக இரண்டையும் தொலைக்காட்சியின் அருகே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

சப்வூஃபர் நிற்கும் இடம்

சப்வூஃபரை மூலையில் தள்ளினால் சத்தம் கூடும், தெளிவு குறையும். இதற்கு உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் கையாளும் ஒரு வேடிக்கையான முறை இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் அமரும் இடத்திலேயே வைத்து, தாழ்ந்த சுருதிகள் வரிசையாக வரும் ஓர் இசைத்துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுருதிகளும் ஏற்றத்தாழ்வின்றிச் சீராகக் கேட்கின்றனவோ அங்கே சப்வூஃபரை வைக்க வேண்டும். இருக்கையையும் பெட்டியையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றினாலும் அறையின் விளைவு மாறாது என்பதே இதன் அடிப்படை. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் செய்து முடித்துவிடுவது மானத்துக்கு நல்லது. கையில் கூடுதல் பணம் இருந்தால், ஒரு பெரிய சப்வூஃபரைவிட இரண்டு நடுத்தர சப்வூஃபர்களை வெவ்வேறு இடங்களில் வைப்பதே எல்லா இருக்கைகளுக்கும் சீரான ஒலியைத் தரும்.

ஆம்ப்ளிஃபயரும் வாட் கணக்கும்

87 டெசிபல் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் தரும் ஒலி) உள்ள ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுத்தால், 9 அடி தொலைவில் ஏறத்தாழ 95 டெசிபல் கிடைக்கும். வீட்டுக்கு இது தாராளம். ஆற்றலை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல்தான் என்பதை அறிந்தவர்கள், பெட்டியின்மேல் அச்சிட்ட பிஎம்பிஓ (கணநேர உச்ச ஆற்றல்) எண்களைப் பார்த்து மயங்கமாட்டார்கள்.

சென்னை ரிச்சி தெருவில் போர்டுகளை வாங்கித் தாமே அசெம்பிள் செய்வோரும், செய்து வாங்குவோரும் தமிழ்நாட்டில் ஏராளம். அந்தக் கைவினையின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. நல்ல கையில் அமைந்த அசெம்பிள் ஆம்ப் உழைக்கும், பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் வாட் கணக்கை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொடங்க வேண்டும். 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரின் மொத்தக் கொள்ளளவு 240 விஏ (48 வோல்ட் × 5 ஆம்பியர்). ஏபி வகை ஆம்ப்ளிஃபயரில் வெப்பமாகப் போவது போக, எல்லாச் சேனல்களுக்கும் சேர்த்துத் தொடர்ந்து கிடைப்பது சுமார் 150 வாட். அதன் முகப்பில் ஆயிரம் வாட் என்று எழுதியிருந்தால் அது எழுத்து மட்டுமே. மேலும், ஆப்டிகல் ஒயர் வழியாக ஒலியைப் பெற்றுச் சேனல்களாகப் பிரிக்கும் டீகோடர் போர்டுக்கு, 5.1 ஒலித்தட வகைகளில் டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் மட்டுமே எட்டும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனித் தாமதம், கிராஸ்ஓவர் (தாழ்ந்த சுருதிகளைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் எல்லை), மைக்கை வைத்து அறையை அளக்கும் வசதி ஆகியவை அசெம்பிள் ஆம்புகளில் அரிது. வசனத் தெளிவு முதன்மை என்றால், இவையெல்லாம் உள்ள எளிய ஏவி ரிசீவருக்கே என் ஓட்டு.

ஒயரைப் பொறுத்தவரை அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 10 மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் சுத்தத் தாமிர ஒயர் போதும். அதற்கு மேல் 2.5. அலுமினியத்தின்மேல் தாமிரப் பூச்சுப் பூசியதைத் தவிர்க்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கரில் மாறிப் போனால் நடுவிலிருந்து வர வேண்டிய குரல் எங்கிருந்தோ மிதந்து வரும், தாழ்சுருதியும் கரைந்துவிடும். எனவே இரண்டு முனைகளையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உறுமல் ஒலி கேட்டால், கேபிள் டிவியின் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் காரணம் எர்த் சுற்றுதான், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒயர்கள் வழியே ஒரு வளையமாக இணைந்துவிட்டன. அதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து.

ரிசீவரில் செய்ய வேண்டியவை

தொலைக்காட்சியின் ஒலி வெளியீடு பிசிஎம் என்று இருந்தால், பல தொலைக்காட்சிகள் 5.1 தடத்தை இரண்டு சேனலாகச் சுருக்கியே அனுப்பும். அதை, தடத்தைச் சுருக்காமல் அப்படியே அனுப்பும் பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்த்ரூ என்று மாற்றி, எச்டிஎம்ஐ ஒயரை இரு முனையிலும் ஏஆர்சி அல்லது இஏஆர்சி (தொலைக்காட்சியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி) எனக் குறித்த துளையில் செருக வேண்டும். ஓடிடி தளங்கள் தரும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸுக்குப் பழைய ஏஆர்சியே போதும். புளூரே வட்டுகளின் இழப்பற்ற ஒலித்தடத்தைத் தொலைக்காட்சி வழியாகக் கொண்டுசெல்லத்தான் இஏஆர்சி தேவை.

அடுத்து, அறையை அளக்கும் பணி. ரிசீவருடன் வந்த மைக்கைச் சோபாவின் முதுகில் சாய்த்து வைக்காமல், கேமரா முக்காலியில் காது உயரத்தில் நிறுத்தி, மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிட்டு, ரிசீவர் கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் பொறுமையாக அளக்க வேண்டும். முடிந்ததும் முடிவுகளைப் பாருங்கள். சப்வூஃபரின் தொலைவு நாடாவால் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டினால் திருத்த வேண்டாம். சப்வூஃபரின் மின்சுற்றில் ஏற்படும் தாமதத்தைத்தான் ரிசீவர் தொலைவாகக் கணக்கிடுகிறது. ஆனால் முன் ஸ்பீக்கர்களை அது ‘லார்ஜ்’ (தாழ்ந்த சுருதிகளையும் தாமே ஒலிப்பவை) என்று குறித்திருந்தால் தயங்காமல் ‘ஸ்மால்’ என மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சிறிய புத்தக அலமாரி ஸ்பீக்கர்கள் என்றால் 100 வரை போகலாம். ஆழ்ந்த சுருதிகளின் சுமை நீங்கியதும் சென்டர் ஸ்பீக்கரின் குரல் இலகுவாவதை உடனே உணர்வீர்கள்.

தானியங்கி அளவீட்டை நம்பாதவர்கள், ரிசீவரின் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஒலிமானியில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் இருக்கையில் 75 டெசிபல் காட்டுமாறு சரிசெய்யலாம். கைப்பேசிச் செயலி இதற்கு ஓரளவு உதவும். சப்வூஃபருக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம், ஏனெனில் கைப்பேசி மைக்குகள் தாழ்சுருதிகளைக் குறைத்தே பதிகின்றன. இவ்வளவும் செய்த பின்னும் வசனம் சற்று அடங்கியே இருந்தால், சென்டரை ஒன்று அல்லது இரண்டு டெசிபல் கூட்டுவதில் தவறில்லை. நான்கு, ஐந்து எனக் கூட்ட வேண்டி வந்தால் கோளாறு வேறெங்கோ உள்ளது. ஸ்பீக்கரின் சாய்வுக்கும் பக்கச்சுவர்ப் பலகைகளுக்கும் திரும்பிச் செல்லுங்கள்.

உதட்டசைவும் ஒலியும் பொருந்தாவிட்டால், தொலைக்காட்சியின் படச் செம்மையாக்க வசதிகளை அணைத்துப் பார்த்த பிறகே ரிசீவரின் ‘லிப் சிங்க்’ அமைப்பைத் தொட வேண்டும். அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்கு மேல் பார்ப்பவர்கள் ‘நைட் மோடு’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ சுருக்கத்தை இயக்கலாம். அது உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லிய வசனத்தை உயர்த்தும். அத்துடன் சப்வூஃபரின் அளவை ஐந்தாறு டெசிபல் இறக்கி, அதன் கால்களுக்கு அடியில் தடித்த ஃபோம் பலகை ஒன்றையும் போடுங்கள். ஃபோம் தரைவழி அதிர்வை மட்டுமே குறைக்கும்; காற்றுவழி செல்லும் தாழ்சுருதியை அளவைக் குறைப்பதால்தான் அடக்க முடியும் என்பதால், இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.