தலை ஆடினாலும் எழுத்து ஏன் ஆடுவதில்லை? வீட்டிலேயே அளந்து பார்க்கும் முறை

கை நீட்டிய தூரத்தில் 'உதயன்' பேப்பரைப் பிடித்து, பேப்பரை மட்டும் இடம் வலமாக விறுவிறென்று ஆட்டுங்கள். எழுத்துக் கலங்கிவிடும். இனிப் பேப்பரை அசைக்காமல் அதே வேகத்தில் தலையை ஆட்டுங்கள். வாசிக்கலாம். அது உட்காதின் வேலை.

தலை வலப்பக்கம் திரும்பினால், உட்காதிலுள்ள வளைந்த குழாயான அரைவட்டக் கால்வாயில் நீர் பின்தங்கும். வலக்காதின் சமிக்ஞை கூடும், இடக்காதினது குறையும். மூளைத்தண்டு உடனே இரு கண்களையும் இடப்பக்கம் இழுக்கும். வழியில் மூன்றே நரம்புக்கலங்கள். 10 மில்லிசெக்கன் அளவில் கண் அசையத் தொடங்கிவிடும். அசையும் பேப்பரைக் கண்ணால் துரத்தத் தொடங்கவே 100 மில்லிசெக்கன் அளவு பிடிக்கும்.

கழுத்து நோவோ எலும்புத் தேய்வோ உள்ளவர்கள் கீழே உள்ளதைச் செய்ய வேண்டாம்.

ஒற்றை எழுத்துகளை 40, 32, 25, 20, 16, 13, 10, 8 என்ற எழுத்துரு அளவுகளில் (பொயின்ற்) வரிக்கு ஐந்தாக அச்சிடுங்கள். சொற்கள் கூடாது, "யாழ்ப்பா" வரை தெரிந்தால் மிச்சத்தை வாய் தானே சொல்லிவிடும். எழுத்து ஒழுங்கை மாற்றி இன்னொரு தாளும் வேண்டும். கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒட்டி, 2 மீற்றர் தள்ளிக் கதிரையைப் போடுங்கள். தலையை அசைக்காமல் முதல் தாளை வாசித்து, கடைசியாகத் தெரிந்த வரியைக் குறியுங்கள்.

பிறகு தாளை மாற்றி, நாடியை 30 பாகை தாழ்த்துங்கள். அரைவட்டக் கால்வாய்களில் கிடையாக இருப்பதன் முன்பக்கம் அவ்வளவு உயர்ந்திருக்கிறது. தாழ்த்தினால்தான் அது மட்டத்துக்கு வரும். உதவிக்கு ஒருவர் பின்னால் நின்று தலையைப் பிடித்து இடம் வலமாகப் பக்கத்துக்கு 10 பாகை ஆட்டட்டும். ஆட்டும்போதே இரண்டாம் தாளை வாசித்து, கடைசியாகத் தெரிந்த வரியைக் குறியுங்கள்.

சறுக்குவது வேகத்தில்தான். தாளம் தட்டும் மெற்றோனோம் அப்பை நிமிடத்துக்கு 120 தட்டில் வைத்து, தட்டுக்கு ஒரு பக்கமாக ஆட்டினால் செக்கனுக்கு ஒரு சுற்றுத்தான். அந்த வேகத்தில் கண் துரத்திப் பிடித்துவிடும். காது பழுதானவரும் வாசித்துவிடுவார். 240 வையுங்கள், செக்கனுக்கு இரண்டு சுற்று. ஓரங்களில் நிறுத்தவும் கூடாது, நிற்கிற கணத்தில் எழுத்துத் தெரிந்துவிடும். வாயால் எண்ணுவதை நம்பாதீர்கள், போகப்போக வேகம் இறங்கும்.

தலை அசையாமல் வாசித்ததைவிட ஒன்றிரண்டு வரி குறைவது வழமை. மூன்று வரியோ அதற்கு மேலோ குறைந்தால் காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் காட்டுங்கள். எந்தக் காது என்று இந்தச் சோதனை சொல்லாது. அதற்குத் தலையைச் சட்டென்று திருப்பிக் கண்ணைக் கவனிக்கும் முறை, 1988இல் ஹல்மாகியும் கேர்தோய்ஸும் விவரித்தது, இருக்கிறது. அதை வைத்தியரிடம் விடுங்கள்.

பின்சேர்ப்பு: சில அப்கள் 208ஐத் தாண்டாது. 120 வைத்து, தலை வலப்பக்கம் வரும்போது மட்டும் தட்டு விழும்படி ஆட்டுங்கள். கண்ணாடி புதிதென்றால் சில நாள் பழகியபின் சோதியுங்கள்; வில்லையின் உருப்பெருக்கம் மாறியதற்கேற்ப மூளை கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.