கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே: புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

தாலிச்செயின் படத்தில் விழுவது போன்றவை தானே திருந்தும். திருந்தாதவை வேறு.

"எதுக்கு வம்பு, கலைச்சிருங்க"

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு நாள் முழுக்கக் குனிந்த வேலை. இடுப்புவலி என்று வந்தால் இரண்டு படம் எடுத்து அனுப்புவார்கள். பிறகுதான் நாள் தள்ளிப்போனது தெரியும். பதறி வருகிறவளிடம் இளம் டாக்டர் கணக்கே போடாமல் இந்த வார்த்தையைச் சொல்லிவிடுகிறார். இவ்வளவு படித்தும் இது ஓயவில்லை என்பதுதான் எரிச்சல்.

இடுப்பு முதுகெலும்புப் படத்தில் கருவுக்குச் சேர்வது சுமார் 1 முதல் 10 மில்லிகிரே (உடம்பில் சேரும் கதிரின் அளவு). நெஞ்சுப் படத்தில் 0.01-ஐத் தாண்டாது. வயிற்று சிடி ஸ்கேனில் 1.3 முதல் 35, இடுப்புக்கூடு சிடி 10 முதல் 50. படமே எடுக்காத கர்ப்பத்திலும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் 0.5 முதல் 1 வரை சேரும். 100 மில்லிகிரேக்குக் கீழ் கதிரைக் காரணம் காட்டிக் கலைப்பது நியாயமில்லை என்று சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2000-லேயே சொல்லிவிட்டது. பிற்காலத்தில் குழந்தைக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகச் சிறிதளவு கூடலாம். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலில் எந்த இடம், எத்தனை படம், கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி என்ன என்று எழுதுங்கள். மூளை வளரும் காலம், அதாவது கருத்தரித்ததிலிருந்து 8 முதல் 15 வாரம், கூடுதல் கவனத்துக்குரியது. "ஸ்கேன் எடுத்தேன்" என்றால் ஜெல் தடவினார்களா, வளையத்துக்குள் படுக்க வைத்தார்களா என்று கேளுங்கள். நம் ஊரில் எல்லாமே ஸ்கேன்தான். ஜெல் தடவியதில் கதிரே கிடையாது. சிடியை இரண்டு மூன்று முறை ஓட்டியிருந்தால் கதிர் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளரிடம் அதை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன் கலைப்புப் பேச்சே வேண்டாம்.

மாமியார் முன்னால் கர்ப்பமா என்று கேட்பது

உண்மை வராது. தனியாகக் கேளுங்கள், கல்யாணமாகாத பிள்ளையிடமும். சந்தேகமென்றால் சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

நெஞ்சுப் படத்தைத் தள்ளிப்போடுவது

இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு. பிரசவம் முடியட்டும் என்று காத்திருந்தால் காசநோய் தாயையும் பிள்ளையையும் வாட்டும். சளிப் பரிசோதனையோடு படமும் எடுங்கள்.

ஈய ஏப்ரனை மட்டும் நம்புவது

நெஞ்சுப் படத்தில் கருவை எட்டும் கொஞ்சநஞ்சக் கதிரும் பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே சிதறி வருவது. வெளியே போர்த்தி அதைத் தடுக்க முடியாது. கதிர் விழும் பரப்பை அடக்கும் கோலிமேட்டரைச் சுருக்குவதும், படம் கெட்டுத் திரும்ப எடுக்காமலிருப்பதும்தான் காப்பு.

எம்ஆர்ஐ

கதிர் இல்லை. படம் தெளிவாகத் தெரியப் போடும் கடோலினியம் ஊசியை மட்டும், தவிர்க்கவே முடியாத தேவை இல்லாவிட்டால், போடாதீர்கள்.

தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின்

கர்ப்பத்தில் கூடவே கூடாது.