மார்கழியில் புத்தகம் படிக்க உட்காருகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் அக்கா மகள் தன் புத்தகங்களைக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, எல்லாவற்றையும் இரும்பு பீரோவில் நெருக்கி அடுக்கியிருந்தாள். “அரையாண்டு லீவு வரட்டும் மாமா, ஒவ்வொண்ணா எடுத்துப் படிக்கப் போறேன்” என்றாள். எனக்கு வயிறு கலங்கியது. இருபது வருஷத்துக்கு முன் நான் செய்ததும் இதையேதான்.

பக்கத்தை மடிப்பது, எச்சில் தொட்டுப் புரட்டுவது பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

மழைக்குப் பயந்து பூட்டி வைப்பது

மதுரையில் ஐப்பசி, கார்த்திகை மழை சுவரை ஊற வைத்துவிட்டுப் போகும். அது காய்வதற்குள் மார்கழிப் பனி வந்துவிடும். 20 டிகிரிக்கே ஜன்னலைச் சாத்திக்கொள்கிறவர்கள் நாம். சாத்திய அறையில் ஈரம் போக வழியில்லாமல் காகிதத்தில் இறங்கும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கும். பிளாஸ்டிக் உறை வெளி ஈரத்தைத் தடுக்கும் என்று நினைக்கிறோம். தாளுக்குள் ஏற்கெனவே இருக்கிற ஈரத்தையும் அது வெளியே விடாது.

என் பீரோ குளியலறைச் சுவரை ஒட்டி நின்றது. உள்ளே, புதுமண்டபத்துக் கடைகளில் வருஷக்கணக்காகத் தேடிப் பொறுக்கிய 60 புத்தகங்கள். ஐப்பசியில் பூட்டினேன், மார்கழியில் திறந்தேன். பூசண வாடை முகத்தில் அடித்தது. கோயில் சிற்பங்கள் பற்றிய வழவழப்புத் தாள் புத்தகம் ஒன்று செங்கல் மாதிரி ஒட்டிக் கிடந்தது. பிரித்தால் படம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து வந்தது.

பதற்றத்தில் எல்லாவற்றையும் மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டேன். அட்டைகள் அப்பளம் போல வளைந்தன, பசை விட்டுத் தாள் தாளாகக் கழன்றன. 22 புத்தகங்கள் போயின. இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. காசே செலவில்லாமல் தவிர்த்திருக்கலாம்.

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். புத்தகங்களுக்கு நடுவே விரல் நுழைய இடம் விடுங்கள். வெயில் அடிக்கிற நாளில் மத்தியானம் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்து ஃபேனைப் போடுங்கள். நனைந்துவிட்டால் நிழலில், ஃபேனுக்குக் கீழே விரித்து நிறுத்தி, நடுநடுவே வெள்ளைத்தாள் செருகி மாற்றிக்கொண்டே இருங்கள். வழவழப்புத் தாளை ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும், காய்ந்தால் பிரியாது. பூச்சிக்கு நான் வசம்புதான் வைக்கிறேன். ஓலைச்சுவடி காலத்திலிருந்து வருகிற வழக்கம்.

அக்கா மகள் புத்தகங்களைக் காட்டிய அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து உறைகளைக் கழற்றினோம். மூன்றாவது புத்தகத்தில், உறையின் உள்பக்கம் பொடிப்பொடியாக நீர் கோத்திருந்தது.

படுத்துக்கொண்டு படிப்பது

பத்தாவது பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள்.

தடிமனான நாவலில் தொடங்குவது

பாதியில் பொங்கல் வேலை வந்துவிடும். சிறுகதை எடுங்கள். கோயிலில் பாட்டு போட்டதும் எப்படியும் விழிப்பு வந்துவிடுகிறது. சுக்குக் காப்பியோடு உட்கார்ந்தால், வாசல் தெளிக்கும் சத்தம் கேட்பதற்குள் ஒரு கதை முடியும். வருஷத்தில் இவ்வளவு அமைதியான நேரம் வேறு கிடைப்பதில்லை.

எல்லாவற்றையும் வாங்கிக் குவிப்பது

புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையிலிருந்து திறந்திருக்கிறது. அங்கே புரட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.